ஹெபடைட்டிஸ் சி இருக்கும்போது கொலஸ்ட்ரால் மாத்திரை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் சி இருப்பவர்கள் கொலஸ்ட்ரால் மாத்திரை எடுக்கலாமா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெபடைட்டிஸ் சி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. கல்லீரல் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும்வரை, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளைப் பெரும்பாலானவர்கள் பயமில்லாமல் எடுக்கலாம். ஆனால் இந்தப் பதில் எல்லாக் காலத்துக்கும் ஒன்றல்ல. வைரசுக்கு மருந்து தொடங்குவதற்கு முன் ஒரு பதில், அந்த மருந்து சாப்பிடும் 12 வாரங்களுக்கு வேறு பதில், வைரஸ் போன பிறகு இன்னொரு பதில். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் "எடுக்கலாம்" என்கிறார், இன்னொருவர் "தொடவே கூடாது" என்கிறார்.

இங்கே நான் சொல்வது பொதுவான விவரம். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் எதைக் கொண்டுபோவது, என்ன கேட்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பயம் எங்கிருந்து வந்தது?

மாத்திரை அட்டையோடு வரும் தாளிலிருந்து. "கல்லீரல் நோய் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது" என்ற வரி பழைய தாள்கள் பலவற்றில் உண்டு. ஸ்டாட்டின் வேலை செய்யும் இடமே கல்லீரல்தான். அங்கே கொலஸ்ட்ரால் உற்பத்தியாவதைத்தான் அது குறைக்கிறது. தொடங்கிய சிலருக்கு எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்) கொஞ்சம் ஏறும், பெரும்பாலும் தானாகவே இறங்கியும் விடும். நிஜமான கல்லீரல் சேதம் மிக அரிது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-லேயே, ஸ்டாட்டின் எடுப்பவர்கள் அனைவருக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் கல்லீரல் டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, தொடங்கும் முன் ஒருமுறையும் அறிகுறி தெரிந்தால் மறுபடியும் எடுத்தால் போதும் என்று மாற்றிவிட்டது. ஹெபடைட்டிஸ் சி இருந்த அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் கல்லீரல் சுருக்கமும் (சிரோசிஸ், கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) கல்லீரல் புற்றுநோயும் குறைவாகவே தெரிந்தன. இது பதிவுகளைப் பார்த்துச் சொன்னது, மருந்து கொடுத்து நிரூபித்தது அல்ல. அதனால் கல்லீரலுக்காகவே ஸ்டாட்டின் எடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பயப்பட அவசியமில்லை என்று மட்டும் சொல்வேன்.

முதல் வேலை: கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது?

மாத்திரை முடிவு முழுக்க இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரசின் அளவு, எத்தனை லட்சம் என்பதைப் பார்த்துப் பலர் கலங்கிப்போகிறார்கள். ஸ்டாட்டின் விஷயத்தில் அந்த எண்ணுக்குப் பெரிய வேலை இல்லை. கல்லீரலில் எவ்வளவு தழும்பு ஏறியிருக்கிறது என்பதே முக்கியம்.

கையில் இருக்க வேண்டியவை: எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிலிருபின், ஆல்புமின், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டுவது), பிளேட்லெட் எண்ணிக்கை, வயிற்று ஸ்கேன். கல்லீரல் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் வசதி இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் வீட்டிலேயே போடக்கூடிய ஒரு கணக்கு உண்டு, பெயர் ஏ.பி.ஆர்.ஐ. உங்கள் எஸ்.ஜி.ஓ.டி.-யை லேப் இயல்பு என்று கொடுத்திருக்கும் உச்ச அளவால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, பிளேட்லெட் எண்ணிக்கையால் (ஆயிரத்தில்) வகுக்க வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி. 64, லேப் உச்சம் 40, பிளேட்லெட் 1.8 லட்சம், அதாவது 180 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். 64-ஐ 40-ஆல் வகுத்தால் 1.6, பெருக்கினால் 160, அதை 180-ஆல் வகுத்தால் 0.89 வருகிறது. 2-க்கு மேல் போனால் கல்லீரல் சுருக்கம் இருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும். இது ஒரு குறிப்புதான், தீர்ப்பு அல்ல. இருந்தாலும் டாக்டர் அறைக்குள் போகும் முன் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று ஓரளவு தெரியும்.

சுருக்கம் இல்லாதவர்களுக்குப் பிரச்சினை இல்லை, வழக்கமான அளவிலேயே ஸ்டாட்டின் எடுக்கலாம். சுருக்கம் வந்தும் கல்லீரல் சமாளித்துக்கொண்டிருக்கும் நிலையிலும் எடுக்கலாம். டாக்டர் குறைந்த அளவில் தொடங்கக்கூடும். மூன்றாவது நிலைதான் வேறு. வயிற்றில் நீர் கோத்தவர்கள், ரத்த வாந்தி எடுத்தவர்கள், காமாலை ஏறியவர்கள், திடீரென்று ஆளே குழம்பிப்போய்ப் பேசுகிறவர்கள் இந்த வரிசையில் வருவார்கள். இவர்களின் கல்லீரலால் மாத்திரையை ரத்தத்திலிருந்து இழுத்து வெளியேற்ற முடியாது. மருந்து தேங்கித் தசையைப் பதம் பார்க்கும். இந்த நிலையில் இருந்தவர்களுக்குச் சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி. கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் சிலருக்குத் தசை சிதைந்தது, 20 மி.கி. எடுத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே இந்த நிலையில் இருப்பவர்கள், பழைய சீட்டில் இருக்கிறதே என்று தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. கல்லீரல் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

எஸ்.ஜி.பி.டி. பற்றி ஒரு விஷயம். லேப் உச்சத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் மாத்திரையை நிறுத்தி யோசிப்பது பொதுவான நடைமுறை. ஹெபடைட்டிஸ் சி உள்ளவருக்கு ஸ்டாட்டின் தொடங்கும் முன்பே அது 85, 90 என்று நிற்கலாம், வைரசின் வேலையால் ஏறி இறங்கவும் செய்யலாம். அதனால் மாத்திரை தொடங்கும் முன் எடுத்த ரிப்போர்ட் உங்களிடம் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் பின்னால் 95 என்று வந்தால், ஏற்றியது வைரசா மாத்திரையா என்று யாராலும் சொல்ல முடியாது. பாவம், பழி மாத்திரை மேல்தான் விழும்.

குறைவான கொலஸ்ட்ராலை நம்பலாமா?

அவசரப்பட்டு நம்ப வேண்டாம். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் நம் உடலின் கொழுப்புத் துகள்களோடு ஒட்டிக்கொண்டுதான் ரத்தத்தில் சுற்றுகிறது. கல்லீரல் கொழுப்பைக் கட்டி அனுப்பும் வேலையிலும் அது தலையிடுகிறது. இந்தியாவில் அதிகம் காணப்படும் 3-ஆம் வகை வைரசுக்கு இந்தக் குணம் ரொம்பவே உண்டு. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கீழே இழுக்கும், கல்லீரலுக்குள் கொழுப்பைச் சேர்த்துவைக்கும். எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 85 என்று வந்ததைப் பார்த்து "நமக்கெதற்கு மாத்திரை" என்று சந்தோஷப்படுபவர் உண்டு. அது 85-ஆகக் குறைந்திருப்பதே வைரஸ் செய்த உபயமாக இருக்கலாம். கல்லீரல் சுருங்கிக்கொண்டே போனாலும் கொலஸ்ட்ரால் இறங்கும், அது நல்ல செய்தியே அல்ல.

எனவே டாக்டரிடம் அந்த எண்ணை மட்டும் காட்டாதீர்கள். சர்க்கரை, பி.பி., புகைப்பழக்கம், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா என்பது, ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருந்தால் அது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. தைராய்டு டெஸ்ட் ஒன்றும் எடுத்துவிடுங்கள். தைராய்டு குறைந்திருந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், ஸ்டாட்டின் எடுத்தால் உடம்பு வலியும் கூடும்.

பையைக் காலி செய்து பட்டியல் போடுங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவதுதான் என்னைக் கேட்டால் மிகச் சிறந்த வழி. பெயர்களை மனப்பாடமாகச் சொல்ல முயன்றால் பாதி விட்டுப்போகும்.

முக்கியமாகக் கூட்டு மாத்திரைகள். "நான் கொலஸ்ட்ராலுக்கு எதுவும் எடுப்பதில்லை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு கேப்சூல் மட்டும்" என்பார்கள். அட்டையைத் திருப்பினால் ஈகோஸ்பிரின் ஏ.வி. என்றிருக்கும். அந்த ஏ.வி. அட்டோர்வாஸ்டாட்டின்தான். ரோசுவாஸ் கோல்டில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டோடு ரோசுவாஸ்டாட்டினும் சேர்ந்தே இருக்கிறது. இதைக் கவனிக்காமல் தனியாக இன்னொரு ஸ்டாட்டினும் சேர்ந்துவிட்டால் அளவு இரட்டிப்பாகும்.

அடுத்து, அவ்வப்போது வாங்கும் மருந்துகள். படர்தாமரைக்கு இட்ராகோனசோல் கேப்சூல் இப்போது சர்வசாதாரணம். அது சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் இரண்டின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும், கல்லீரலுக்கும் அது அவ்வளவு நல்ல பிள்ளை அல்ல. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்குகளும் இதே ரகம். தோல் டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் போகும்போது "ஸ்டாட்டின் எடுக்கிறேன், கல்லீரலில் பிரச்சினை இருக்கிறது" என்ற இரண்டு விஷயங்களை வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

கொலஸ்ட்ராலுக்கே கொடுக்கப்படும் மற்ற மருந்துகளில் நயாசின் கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. ஃபெனோஃபைப்ரேட் கல்லீரல் நோய் தீவிரமாக இருக்கும்போது கூடாது. எசெட்டிமைப், கல்லீரல் நடுத்தர அளவுக்கோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டவர்களுக்கு உகந்ததல்ல. "இயற்கையானது" என்று ஆன்லைனில் விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைக்குள் இருப்பதும் லோவாஸ்டாட்டின்தான். எத்தனை மில்லிகிராம் என்று யாருக்கும் தெரியாத லோவாஸ்டாட்டின், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த 12 வாரங்கள்

உண்மையான எச்சரிக்கை தேவைப்படுவது இங்கேதான். இந்தியாவில் தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-இல் தொடங்கியதிலிருந்து, பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைச் சிகிச்சை மையங்களில் இலவசம். வழக்கமாகச் சுருக்கம் இல்லாதவர்களுக்குச் சோஃபோஸ்புவிரும் டக்லாடாஸ்விரும், சுருக்கம் உள்ளவர்களுக்குச் சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் தருகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்தில் முடிந்துவிடும்.

ரத்தத்தில் வரும் ஸ்டாட்டினைக் கல்லீரலுக்குள் இழுத்துவிடும் சில கதவுகள் உண்டு. வைரஸ் மருந்துகளில் பல அந்தக் கதவுகளைப் பாதி சாத்திவிடுகின்றன. உள்ளே போக வேண்டியது வெளியே ரத்தத்திலேயே நிற்கும், தசைக்குப் போகும். அதனால் எந்த வைரஸ் மருந்தோடு எந்த ஸ்டாட்டின் என்பதைப் பார்த்துத்தான் அளவு போட வேண்டும்:

– சோஃபோஸ்புவிர் + வெல்படாஸ்விர்: ரோசுவாஸ்டாட்டினின் அளவை ரத்தத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் ஏற்றும். ஒரு நாளைக்கு 10 மி.கி. தாண்டக் கூடாது. அட்டோர்வாஸ்டாட்டினும் ஓரளவு ஏறும். தசை வலியைக் கவனித்துக்கொண்டே தொடரலாம்.
– சோஃபோஸ்புவிர் + டக்லாடாஸ்விர்: ஸ்டாட்டின்கள் ஏறக்கூடும். அளவைக் குறைப்பதா, அப்படியே கவனிப்பதா என்று டாக்டர் சொல்வார்.
– சோஃபோஸ்புவிர் + லெடிபாஸ்விர்: ரோசுவாஸ்டாட்டின் சேர்க்க வேண்டாம் என்பதே பரிந்துரை.
– கிளெகாப்ரெவிர் + பிப்ரென்டாஸ்விர்: வெளிநாடுகளில் சிகிச்சை எடுக்கும் நம்மவர்களுக்கு இது கிடைக்க வாய்ப்பு அதிகம். இதோடு அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் மூன்றும் கூடாது. அமெரிக்க வழிமுறைப்படி ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. வரை மட்டும், ஐரோப்பாவில் அதையும் 5-ஆகச் சுருக்கிவிட்டார்கள்.

ரோசுவாஸ்டாட்டின் பற்றி இன்னொன்று. ஆசிய வம்சாவளியினருக்கு, இந்தியர்கள் உட்பட, இந்த மருந்து ரத்தத்தில் இயல்பாகவே அதிகம் நிற்கிறது. அதனால்தான் ஆசியர்களுக்கு 5 மி.கி.-இல் தொடங்கச் சொல்கிறது அமெரிக்க வழிமுறை. அதன் மேல் வெல்படாஸ்விரும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 20, 40 மி.கி. ரோசுவாஸ்டாட்டின் எடுப்பவர்கள் வைரஸ் மருந்தின் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

பேச்சு நீளமாக இருக்க வேண்டியதில்லை. "டாக்டர், இதய டாக்டர் எனக்கு ரோசுவாஸ்டாட்டின் 20 கொடுத்திருக்கிறார். இந்த 12 வாரத்துக்கு மாற்றணுமா, குறைக்கணுமா, நிறுத்தணுமா?" இவ்வளவு போதும். இதுவரை மாரடைப்பு வராத, முன்னெச்சரிக்கையாக மட்டும் எடுக்கும் ஒருவருக்கு, மூன்று மாதம் நிறுத்திவைப்பதில் பெரிய நஷ்டமில்லை என்று சில டாக்டர்கள் நிறுத்தச் சொல்வார்கள். நியாயமான முடிவுதான். ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்பு வந்தவர் கதை வேறு. அவர்களுக்கு மாத்திரையை மாற்றுவதோ அளவைக் குறைப்பதோதான் வழி. தானாக நிறுத்துவது கூடவே கூடாது.

லிவர்பூல் பல்கலைக்கழகம் ஹெபடைட்டிஸ் மருந்துகளுக்கென்றே ஓர் இலவச இணையதளம் நடத்துகிறது. வைரஸ் மருந்தையும் உங்கள் மற்ற மாத்திரையையும் தேர்ந்தெடுத்தால், சேர்க்கலாமா என்று நிறத்தில் காட்டிவிடும். சிவப்பு வந்தால் சேர்க்கக் கூடாது. டாக்டர்களே அதைத்தான் பார்க்கிறார்கள். தமிழில் இல்லை, வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

ஸ்டாட்டின் தவிர, இதே வாரங்களில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. கேஸ் மாத்திரை முதலில் வரும். வெல்படாஸ்விரும் லெடிபாஸ்விரும் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரையும். காலையில் எழுந்ததும் பான்டோபிரசோல் போடுவது நம் ஊரில் காபி மாதிரி ஆகிவிட்டது. வெல்படாஸ்விரோடு அதைச் சேர்ப்பது பரிந்துரைக்கப்படவில்லை, தவிர்க்கவே முடியாதென்றால் டாக்டர் நேரம் குறித்துக் கொடுப்பார். ஜெலுசில், டைஜீன் போன்றவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவர்கள் சோஃபோஸ்புவிரைச் சேர்த்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். இதை மறக்காமல் சொல்ல வேண்டும். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். மாறும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வைரஸ் குறையக் குறையச் சர்க்கரையும் இறங்கலாம்; இன்சுலின் போடுபவர்கள் வழக்கத்தைவிட அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை வைரஸ் மருந்தையே செயலிழக்கச் செய்துவிடும். சிகிச்சை தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி டெஸ்டும் எடுத்தார்களா என்று கேளுங்கள். சி போகும்போது மறைந்திருந்த பி தலைதூக்குவதுண்டு.

உடம்பு என்ன சொல்கிறது?

தொடை, தோள், இடுப்புப் பக்கம் இரண்டு புறமும் ஒரே மாதிரி வலி, மாடிப்படி ஏறினால் கால் தூக்க முடியாத பலவீனம் என்றால் டாக்டரைப் பார்த்து, தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. டெஸ்ட் எடுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அறிகுறியாக இருக்கலாம். கண் மஞ்சளாவது, வலது விலாவுக்குக் கீழே வலி, உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல் என்றால் கல்லீரல் டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்டாட்டினைத் தொடர்வது இரட்டைத் தவறு. வலியின் காரணம் மறைந்துவிடும். கல்லீரல் சுருக்கம் இருந்தால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்தக் கசிவையும் கூட்டும். அளவோடு பாராசிட்டமால் பரவாயில்லை. சுருக்கம் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு 2 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை நான்குக்கு மேல் போகக் கூடாது.

நாட்டு மருந்து பற்றியும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கோபம் வந்தாலும். காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். அது ஹெபடைட்டிஸ் சி-ஐ ஒழிக்காது. சீந்தில் கொடி கஷாயம் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிக் கொரோனா காலத்தில் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தச் சமயத்தில் கஷாயம், லேகியம், பவுடர் எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். சேர்த்தால், எஸ்.ஜி.பி.டி. ஏறும்போது எதைச் சந்தேகிப்பது என்றே தெரியாது. மதுவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஒரு சொட்டும் வேண்டாம்.

வைரஸ் போன பிறகு

கடைசி மாத்திரையிலிருந்து 12 வாரம் கழித்து வைரல் லோடு பார்ப்பார்கள். வைரஸ் தென்படவில்லை என்று வந்தால் குணமாகிவிட்டது என்று பொருள். அதே ரத்தத்தில் கொலஸ்ட்ராலும் பார்க்கச் சொல்லுங்கள். வைரஸ் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த எல்.டி.எல். இப்போது மேலே வரும், சிலருக்கு நன்றாகவே ஏறும். இது மருந்தின் பக்கவிளைவு இல்லை; உங்கள் உண்மையான எண் இதுதான். முன்பு வேண்டாம் என்று விட்ட மாத்திரை இப்போது தேவைப்படலாம்.

பலரும் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. சிகிச்சைக்காக நிறுத்திய அல்லது குறைத்த ஸ்டாட்டினைப் பழைய அளவுக்குத் திரும்பக் கொண்டுவர யாருக்கும் நினைவிருப்பதில்லை. கல்லீரல் டாக்டர் வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுவார், இதய டாக்டருக்குக் குறைத்ததே தெரியாது. நிறுத்திய அன்றே, எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

சுருக்கம் இருந்தவர்கள் குணமான பிறகும் 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனைத் தொடர வேண்டும். அப்புறம், குணமானதைக் காட்டும் வைரல் லோடு ரிப்போர்ட்டை லேமினேட் செய்யாவிட்டாலும் பத்திரமாக ஃபைலில் வையுங்கள். ஹெபடைட்டிஸ் சி ஆன்டிபாடி டெஸ்ட் குணமான பிறகும் பாசிட்டிவ் என்றே காட்டும். பின்னாளில் கண் ஆபரேஷனுக்கோ பல் பிடுங்கவோ போகும்போது, அந்த ஆன்டிபாடி ரிசல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு "கல்லீரல் நோயாளி, கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துங்கள்" என்று யாராவது சொல்லலாம். அப்போது அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுங்கள்.